கேள்வி – பதில்: ஒரே கோடையில் 2,385 ரன்களும் 208 விக்கெட்டுகளும்

சென்ற இதழில் ஆல்ரவுண்டர்களைப் பற்றிய ஒரு கேள்விக்கு விடையெழுதும்போது, 1906ஆம் ஆண்டின் ஒரே ஆங்கிலக் கோடையில் 2,385 ரன்களும் 208 விக்கெட்டுகளும் எடுத்த யார்க்ஷயர் கவுண்டி அணி ஆட்டக்காரர் ஜார்ஜ் ஹர்ஸ்ட்டைப் போகிற போக்கில் ஒரு வரியில் குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு வரிக்குத் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களிலிருந்து இவ்வளவு கடிதங்கள் வருமென்று எதிர்பார்க்கவில்லை. ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அவருக்கே ஒதுக்கியிருக்கிறேன். வேறு கேள்விகள் அனுப்பியவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

கல்லூரி மாணவர், மயிலாடுதுறை: ஐயா, அந்த எண்கள் அச்சுப் பிழை இல்லையே? ஒரு பருவத்தில் ஒருவரே 208 விக்கெட் எடுப்பது எப்படிச் சாத்தியம்?

அச்சுப் பிழை இல்லை, தம்பி. 58 இன்னிங்ஸ்களில் மட்டை பிடித்து, சராசரி 45.86 என்ற கணக்கில் 2,385 ரன்கள். விக்கெட் ஒன்றுக்கு 16.50 ரன் என்ற கணக்கில் 208 விக்கெட்டுகள். ஒரு பருவத்தில் இரண்டாயிரம் ரன்களையும் இருநூறு விக்கெட்டுகளையும் சேர்த்து எடுத்தவர் முதல்தரக் கிரிக்கெட் வரலாற்றில் அவர் ஒருவர்தான்.

எப்படிச் சாத்தியமாயிற்று என்பதற்கு விடை அக்காலத்து அட்டவணையில் இருக்கிறது. அன்றைய கவுண்டி ஆட்டம் மூன்று நாள் ஆட்டம். திங்கள் முதல் புதன் வரை ஒன்று, வியாழன் முதல் சனி வரை இன்னொன்று, ஞாயிறு ஓய்வு என்று மே மாதத்திலிருந்து ஆகஸ்ட் முடியும்வரை இடைவெளியே இல்லாமல் ஓடும். புதன்கிழமை மாலை ஓர் ஊரில் ஆட்டம் முடிந்தால் இரவு ரயிலேறி, வியாழக்கிழமை காலையில் வேறொரு ஊரின் மைதானத்தில் புதுப்பந்தோடு ஓட்டத்தைத் தொடங்க வேண்டும். ஆயிரம் ரன்களும் நூறு விக்கெட்டுகளும் ஒரே பருவத்தில் எடுப்பதை 'டபுள்' என்பார்கள். நல்ல ஆல்ரவுண்டர்கள் அதை ஆகஸ்டில் எட்டிப் பிடித்துப் பெருமூச்சு விடுவது வழக்கம். ஹர்ஸ்ட் 1906இல் அதை ஜூன் 28ஆம் நாளே முடித்துவிட்டு, பருவத்தின் மறுபாதியில் இன்னொரு டபுளையும் எடுத்தார் என்று சொன்னால் கணக்கு விளங்கும்.

பட்டு நெசவாளர், திருபுவனம்: அவர் யார் வீட்டுப் பிள்ளை? பணக்காரரா?

இல்லை. தங்களுக்குப் பழக்கமான தொழிலிலிருந்து வந்தவர்தான். 1871 செப்டம்பர் 7ஆம் நாள், ஹடர்ஸ்ஃபீல்டு நகருக்குப் பக்கத்திலுள்ள கிர்க்ஹீட்டன் என்ற நெசவுக் கிராமத்தில் பிறந்தார். பத்து வயதில் பள்ளியை விட்டுவிட்டு, உள்ளூர்க் கைத்தறி நெசவாளர் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு சாயப்பட்டறைக்குப் போனார். கிராமத்து அணியில் ஆடியதைப் பார்த்துக் கவுண்டி அழைத்தது. 1891இல் யார்க்ஷயருக்கு முதல் ஆட்டம்.

அக்காலத்தில் ஆட்டக்காரர்கள் இரண்டு சாதி. சம்பளம் வாங்காமல் ஆடும் கனவான்கள் ஒரு பக்கம். கூலிக்கு ஆடும் தொழில்முறை ஆட்டக்காரர்கள் மறுபக்கம். ஒரே அணியில் ஆடினாலும் உடை மாற்றும் அறை வேறு, பல மைதானங்களில் உள்ளே வரும் வாசல்கூட வேறு. ஸ்கோர் அட்டையில் கனவானின் பெயருக்கு முன்னால் இனிஷியல், கூலிக்காரனின் பெயருக்குப் பின்னால் இனிஷியல். அணித் தலைவர் பதவி பெரும்பாலும் கனவானுக்கே. இந்தப் பாகுபாடு 1962ஆம் ஆண்டின் முடிவில்தான் ஒழிந்தது. ஹர்ஸ்ட் இரண்டாம் வரிசைக்காரர். யார்க்ஷயரின் முதுகெலும்பாக இருந்தும் அந்த அணிக்கு அவர் நியமனத் தலைவராக இருந்ததே இல்லை.

ஆயினும் யார்க்ஷயரில் ஒரு நன்மை இருந்தது. நீண்டகாலத் தலைவர் ஹாக் பிரபு, ஆட்டமில்லாத குளிர்காலத்திலும் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு வாரம் இரண்டு பவுண்டு கிடைக்க ஏற்பாடு செய்தார். மூத்த ஆட்டக்காரருக்காக நடத்தும் நிதியாட்டத்தின் வசூலை மொத்தமாகக் கையில் கொடுத்தால் சாராயக் கடையில் கரைந்துவிடும் என்று, அதில் பெரும்பகுதியைக் கவுண்டியே முதலீடு செய்து காப்பாற்றியது. 1904இல் லங்காஷயருக்கு எதிரான ஹர்ஸ்ட்டின் நிதியாட்டத்தில் சேர்ந்த தொகை 3,703 பவுண்டு. அன்றைக்கு அது ஒரு தொழிலாளி கனவிலும் காணாத பணம். இதைப் பரிவு என்று மட்டும் சொல்ல எனக்கு மனமில்லை. வளர்ந்த மனிதனின் பணத்தை அவனை நம்பிக் கொடுக்காத மேட்டிமையும் அதில் கலந்திருந்தது.

இல்லத்தரசி, பாபநாசம்: கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரியா? என் மகன் ஆம் என்கிறான், கணவர் இல்லை என்கிறார்.

இருவரும் பாதி சரி, அம்மா. நிலப்பரப்பில் கவுண்டி மாவட்டத்தைப் போன்றது. கிரிக்கெட்டில் அதன் மதிப்பு நம் ரஞ்சிக் கோப்பை மாநில அணிக்குச் சமம். கவுண்டி சாம்பியன்ஷிப் 1890இல் முறையாகத் தொடங்கியது. இன்று பதினெட்டுக் கவுண்டிகள் ஆடுகின்றன. கடைசியாக, 1992இல், சேர்ந்தது டர்ஹாம். நம்மவர்களும் அங்கே போய் ஆடியிருக்கிறார்கள்: வெங்கட்ராகவன் 1970களில் டெர்பிஷயருக்கும், அஸ்வின் வூஸ்டர்ஷயர், நாட்டிங்ஹாம்ஷயர், சர்ரே அணிகளுக்கும், வாஷிங்டன் சுந்தர் 2022இல் லங்காஷயருக்கும் ஆடினார்கள்.

தனியார் நிறுவன ஊழியர், நாகப்பட்டினம்: அவர் வேகப் பந்துவீச்சாளரா, சுழற்பந்தா? 208 விக்கெட்டுகளும் எப்படி விழுந்தன?

வலக்கை மட்டையாளர், இடக்கை மித வேகப் பந்துவீச்சாளர். தொடக்கத்தில் நேராகவும் உழைப்பாகவும் வீசும் பத்துப் பேரில் ஒருவராகத்தான் இருந்தார். 1901ஆம் ஆண்டு வாக்கில் அவருடைய பந்துக்குப் புது நடை வந்தது. புதுப்பந்தை 'ஓவர் தி விக்கெட்'டாக (வீசும் கை ஸ்டம்புப் பக்கம் இருக்கும்படி) வீசும்போது, அது வலக்கைக்காரருக்கு வெளியே போவதுபோலக் காற்றில் வந்து, கடைசிச் சில அடிகளில் உள்ளே மடங்கத் தொடங்கியது. கவர் பாயிண்ட்டில் நிற்பவன் ஸ்டம்பைக் குறிபார்த்து ஓங்கி எறிந்ததுபோல் வரும் பந்தை எப்படித்தான் ஆடுவது என்று சாமர்செட்டின் சாமி வுட்ஸ் அலுத்துக்கொண்டதாகச் சொல்வார்கள். அந்த ஆண்டில் மட்டும் ஹர்ஸ்ட்டுக்கு 183 விக்கெட்டுகள். லேட்டன் மைதானத்தில் எசெக்ஸ் 30 ரன்னுக்கும் 41 ரன்னுக்கும் சுருண்டபோது அவர் அந்த ஒரு ஆட்டத்தில் 29 ரன்கள் கொடுத்துப் 12 விக்கெட் எடுத்தார்.

இங்கே இரண்டு விதிகளைக் கவனிக்க வேண்டும். இவற்றைப் பலர் மறந்துவிட்டு இன்றைய அளவுகோலால் அவரை அளக்கிறார்கள். முதலாவது, எல்பிடபிள்யூ விதி, அதாவது ஸ்டம்பில் படவிருந்த பந்தைக் காலால் மறித்தால் அவுட் என்ற விதி. அன்று பந்து இரு முனை ஸ்டம்புகளுக்கும் இடைப்பட்ட நேர்கோட்டில் குத்தியிருந்தால்தான் அவுட். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே குத்தி உள்ளே வந்து காலில் பட்ட பந்துக்கு, அது நடு ஸ்டம்பையே பெயர்த்திருக்கும் என்று உலகத்துக்கே தெரிந்தாலும், நடுவர் கையை உயர்த்த முடியாது. 1935இல் சோதனையாக வந்து 1937இல் நிலைபெற்ற திருத்தம்தான் அந்தப் பந்துக்கு அவுட் கொடுத்தது. ஹர்ஸ்ட்டின் மிகச் சிறந்த பந்தோ வெளியே குத்தி உள்ளே மடங்குவது! இன்றாயிருந்தால் எல்பிடபிள்யூ ஆகியிருக்கும் எத்தனையோ பந்துகள் அவருக்கு வீணாயின. எனவே ஸ்டம்பைத் தட்டுவதையும், லெக் பக்கத்தில் மட்டையாளரை ஒட்டி நிறுத்திய ஆட்களிடம் கேட்ச் வரவைப்பதையும் அவர் நம்பியிருக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது, புதுப்பந்து. 1907இல்தான் 200 ரன்கள் சேர்ந்ததும் புதுப்பந்து கேட்கலாம் என்ற விதி வந்தது. அதற்கு முன் ஓர் இன்னிங்ஸ் முழுவதற்கும் ஒரே பந்து. 208 விக்கெட் எடுத்த 1906ஆம் ஆண்டில், பளபளப்பு மங்கிய பிறகு எத்தனை ரன் போனாலும் அவருக்கு வேறு பந்து கிடையாது. அதே பழம்பந்தைக் கொண்டு நீளத்தையும் வேகத்தையும் மாற்றி மாற்றி வேலை வாங்கினார்.

விவசாயி, நீடாமங்கலம்: நாங்கள் சம்பா அறுத்த வயலில், பயறு தெளிக்காத பக்கமாகப் பார்த்து, மாசியிலிருந்து மேட்டூர்த் தண்ணீர் வரும்வரை ஆடுவோம். இங்கிலாந்தில் மழை பெய்தால் என்ன செய்வார்கள்?

தாங்கள் மட்டையை ஓரத்தில் சாய்த்துவிட்டு மண்வெட்டியைத் தூக்கும் ஜூன் மாதத்தில்தான் அங்கே ஆட்டம் சூடுபிடிக்கும். அன்றைய இங்கிலாந்தில் ஆட்டம் தொடங்கிய பிறகு ஆடுகளத்தை மூடும் வழக்கமில்லை. நனைந்த தரை வெயிலில் காயத் தொடங்கும்போது மேலே ஏடு பிடித்து அடியில் ஈரம் நிற்கும். நம் களிமண் வயலில் மழை விட்ட மறுநாள் ஆடியவர்களுக்கு, ஒரு பந்து கணுக்காலிலும் அடுத்த பந்து தாடையிலும் வரும் அந்த அனுபவம் தெரியும். அத்தகைய தரையில் ஹர்ஸ்ட்டைவிட, சுழற்பந்து வீசிய அவருடைய ஊர்க்காரர் வில்பிரட் ரோட்ஸ் பன்மடங்கு ஆபத்தானவர். ஹர்ஸ்ட் காய்ந்த தரையிலும் விக்கெட் எடுத்தார் என்பதுதான் யார்க்ஷயருக்கு அவரால் கிடைத்த பெரும் லாபம்.

வங்கி ஊழியர், கும்பகோணம்: 24 டெஸ்ட்டில் வெறும் 790 ரன், 59 விக்கெட், ஒரு சதம்கூட இல்லை. இவரைப் பெரிய ஆல்ரவுண்டர் என்பது யார்க்ஷயர்க்காரர்கள் ஊதிய ஊதல்தானே?

கடுமையான கேள்வி, ஆனால் நியாயமானது. தாங்கள் எழுதிய எண்கள் சரி. மட்டைச் சராசரி 22.57, பந்துவீச்சுச் சராசரி 30. உயர்ந்தபட்ச ஸ்கோர், 1897–98 பயணத்தில் அடிலெய்டில் அடித்த 85. ஆஸ்திரேலியாவுக்கு இருமுறை போனார். அங்கே அவர் சாதித்தது குறைவு.

ஆனால் சராசரி மறைத்துவிடும் சில நாட்கள் உண்டு. 1902இல் எட்ஜ்பாஸ்டனில் ஆஸ்திரேலியா 36 ரன்னுக்கு ஆட்டமிழந்தது. ரோட்ஸ் 17 ரன் கொடுத்து ஏழு, ஹர்ஸ்ட் 15 ரன் கொடுத்து மூன்று. அடுத்து அதே ஆஸ்திரேலிய அணி ஹெடிங்லியில் யார்க்ஷயரோடு மோதியபோது 23 ரன்னுக்குச் சுருண்டது. இம்முறை ஹர்ஸ்ட் ஒன்பது ரன் கொடுத்து ஐந்து விக்கெட், அதே யார்க்ஷயரின் ஜாக்சன் 12 ரன் கொடுத்து ஐந்து. இத்தனைக்கும் பிறகு, ஓல்டு டிராஃபோர்டில் நடந்த நான்காவது டெஸ்ட்டில் அவரை வெளியே உட்காரவைத்துவிட்டுப் ஃபிரெட் டேட்டைச் சேர்த்தார்கள். இங்கிலாந்து மூன்றே ரன்னில் தோற்றது. கடைசியாக ஸ்டம்ப் பறிகொடுத்தவர் அதே டேட். அடுத்த ஓவல் டெஸ்ட்டுக்கு ஹர்ஸ்ட்டைத் திரும்ப அழைத்தார்கள். முதல் இன்னிங்ஸில் 77 ரன் கொடுத்து ஐந்து விக்கெட். மட்டையில் 43, பிறகு ஆட்டமிழக்காமல் 58. 1909இல் எட்ஜ்பாஸ்டனில் ஆஸ்திரேலியாவின் இருபது விக்கெட்டுகளையும் இரண்டே பேர் பங்கிட்டுக்கொண்டார்கள்: பிளைத் பதினொன்று, ஹர்ஸ்ட் ஒன்பது.

இவ்வளவு சொன்ன பிறகும், டெஸ்ட் ஆட்டக்காரராக அவர் முதல் வரிசையில் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான் மறுப்பது, டெஸ்ட்டை வைத்துத்தான் ஒரு கிரிக்கெட் வாழ்க்கையை நிறுக்க வேண்டும் என்ற எண்ணத்தை. ஹர்ஸ்ட்டின் வேலை ஆண்டுக்கு நான்கைந்து நாள் பளிச்சிடுவது அன்று. வாரத்தில் ஆறு நாள், மழையிலும் வெயிலிலும், ஆளில்லாத அரங்கிலும் நிரம்பிய அரங்கிலும், அணிக்கு ரன் வேண்டுமானால் ரன்னும் விக்கெட் வேண்டுமானால் விக்கெட்டும் எடுத்துத் தருவது. அதை அவர் பதினான்கு பருவங்களில் டபுள் எடுக்கும் அளவுக்குச் செய்தார். அவற்றில் 1903 முதல் 1913 வரையிலான பதினொன்று ஒன்றுகூட விடாமல் தொடர்ந்து வந்தவை. 1904, 1905, 1906 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் இரண்டாயிரம் ரன்களுக்கு மேலும் நூறு விக்கெட்டுகளுக்கு மேலும் எடுத்தார். 1905இல் லெஸ்டர்ஷயருக்கு எதிராக அவர் அடித்த 341, நூறாண்டுகளைக் கடந்தும் யார்க்ஷயரின் தனிநபர் உச்சமாக நின்றது. வாழ்நாள் கணக்கில் 36,000 ரன்களுக்கு மேல், 2,700 விக்கெட்டுகளுக்கு மேல், 60 சதங்கள். ஹாக் பிரபு அவரை எக்காலத்துக்கும் தலைசிறந்த கவுண்டி ஆட்டக்காரர் என்றார். அந்தப் பாராட்டில் 'கவுண்டி' என்ற எல்லைக்கோடும் இருக்கிறது. ஆனால் அந்தக் கோட்டுக்கு உள்ளே அவருக்கு இணையில்லை. டெஸ்ட்டில் மின்னிவிட்டுக் கவுண்டிக்கு வரும்போது முதுகுவலி என்று ஒதுங்கிய பெரியவர்கள் பலரைக் கிரிக்கெட் கண்டிருக்கிறது.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மன்னார்குடி: ஹர்ஸ்ட்டா, ரோட்ஸா? ஒருவரைச் சொல்லுங்கள், மழுப்ப வேண்டாம்.

மழுப்பவில்லை, ஐயா, யார்க்ஷயருக்கு ஹர்ஸ்ட், இங்கிலாந்துக்கு ரோட்ஸ்.

இதுவே மழுப்பல் என்று தாங்கள் சொல்லக்கூடும் என்பதால் காரணத்தையும் தருகிறேன். உலகின் மிகச் சிறந்த ஆல்ரவுண்டர் வலக்கையால் மட்டை பிடித்து இடக்கையால் பந்து வீசுபவர், கிர்க்ஹீட்டனில் பிறந்தவர் என்று ஒரு பழைய வேடிக்கை உண்டு. இருவருமே அப்படிப்பட்டவர்கள் என்பதால் யாரைச் சொன்னார்கள் என்று யாருக்கும் தெரியாது. ரோட்ஸ் ஆறு வயது இளையவர். 1899இல், டபிள்யூ. ஜி. கிரேஸின் கடைசி டெஸ்ட்டில், தம் முதல் டெஸ்ட்டை ஆடினார். கடைசி ஆட்டக்காரராக இறங்கத் தொடங்கியவர், 1912இல் மெல்போர்னில் ஜாக் ஹாப்ஸோடு தொடக்க ஆட்டக்காரராக இறங்கி முதல் விக்கெட்டுக்கு 323 ரன் சேர்த்தார். 4,204 முதல்தர விக்கெட்டுகள் எடுத்தார். உலகில் வேறெவரும் அவ்வளவு எடுத்ததில்லை. டபுள் பதினாறு முறை. 1930இல் 52 வயதில் டெஸ்ட் ஆடினார். நீண்ட கணக்கில் அவர்தான் பெரியவர், மறுப்பதற்கில்லை. ஆனால் ரோட்ஸ் ஒரு காலத்தில் பந்துவீச்சாளர், பிறகு மட்டையாளர், பிறகு மீண்டும் பந்துவீச்சாளர் என்று மாறி மாறி வந்தவர். ஒரே நாளில் இரண்டும் உச்சத்தில் வேண்டுமென்றால், 1906ஆம் ஆண்டின் ஹர்ஸ்ட்டையே நான் கூப்பிடுவேன்.

மாணவி, திருத்துறைப்பூண்டி: ஓவலில் கடைசி விக்கெட்டுக்கு 15 ரன் தேவைப்பட்டபோது, "ஒவ்வொன்றாக எடுத்துவிடலாம்" என்று ஹர்ஸ்ட் ரோட்ஸிடம் சொன்னது உண்மையா?

அப்படி எதுவும் சொல்லவில்லை என்று ரோட்ஸே மறுத்திருக்கிறார். 1902 ஓவலில் இலக்கு 263. ஐந்து விக்கெட் இழந்து 48 என்ற நிலையிலிருந்து ஜெசப் 104 அடித்து அணியைத் தூக்கி நிறுத்தினார். கடைசி ஆளாக ரோட்ஸ் வந்தபோது 15 ரன் மிச்சம். இருவரும் எடுத்து முடித்தார்கள். அவ்வளவும் உண்மை. அந்த வசனம் மட்டும் பத்திரிகைக்காரர்கள் கொடுத்த கொடையாக இருக்க வேண்டும். ஒரே ஊர்க்காரர்கள் இருவர், அப்படிப்பட்ட நேரத்தில், எல்லாரும் மேற்கோள் காட்டும்படியான வாக்கியம் பேசிக்கொண்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

வாசகர், திருவையாறு: 1906இல் யார்க்ஷயர்தானே சாம்பியன்?

அல்ல, கென்ட். பிரிஸ்டலில் குளோஸ்டர்ஷயரிடம் ஒரே ஒரு ரன்னில் யார்க்ஷயர் தோற்றது, பட்டம் கைநழுவியது. குளோஸ்டர்ஷயர் 164, 228; யார்க்ஷயர் 157, 234. தாங்களே கூட்டிப் பாருங்கள்.

மருந்துக்கடை உரிமையாளர், தஞ்சாவூர்: அவருக்குப் பின் யாராவது அந்தச் சாதனைக்கு அருகில் வந்தார்களா? இனி யாராவது வருவார்களா?

1906 ஆகஸ்ட் இறுதியில், பாத் நகரில் சாமர்செட்டுக்கு எதிராக ஹர்ஸ்ட் ஓர் ஆட்டம் ஆடினார். பந்துவீச்சில் 70 ரன்னுக்கு ஆறு, 45 ரன்னுக்கு ஐந்து. மட்டையில் 111, பிறகு ஆட்டமிழக்காமல் 117. ஒரே ஆட்டத்தில் இரண்டு சதமும் பதினொரு விக்கெட்டும்! இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முழுப் பருவச் சாதனையைப் பொறுத்தவரை, ஒவ்வொரு கோணத்திலிருந்து அருகே வந்தவர்கள் உண்டு. சசெக்ஸின் மாரிஸ் டேட் 1923 முதல் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஆயிரம் ரன்னும் இருநூறு விக்கெட்டும் எடுத்தார். அதே சசெக்ஸின் ஜிம் பார்க்ஸ் 1937இல் 3,003 ரன்னும் 101 விக்கெட்டும் எடுத்தார். நம் வினு மங்கட் 1946ஆம் ஆண்டு இந்திய அணியோடு போய், அந்த ஒரே பயணத்தில் 1,120 ரன்னும் 129 விக்கெட்டும் எடுத்தார். இங்கிலாந்துப் பயணத்தில் டபுள் கண்ட இந்தியர் வேறெவரும் இல்லை. இரண்டாயிரமும் இருநூறும் சேர்ந்து யாருக்கும் வாய்க்கவில்லை.

1969இல் கவுண்டி ஆட்டங்களின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். அதன்பின் சாதாரண டபுளே இரண்டு பேருக்குத்தான் கிட்டியது. இருவரும் நாட்டிங்ஹாம்ஷயருக்கு ஆடியவர்கள். 1984இல் ரிச்சர்ட் ஹாட்லி 1,179 ரன், 117 விக்கெட். 1988இல் பார்படாஸ்காரரான ஃபிராங்க்ளின் ஸ்டீஃபன்சன் 1,018 ரன், 125 விக்கெட். நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவுக்கு 1983இல் கிளம்பிய கலக அணியில் சேர்ந்ததால் மேற்கிந்திய டெஸ்ட் அணியின் கதவு ஸ்டீஃபன்சனுக்குச் சாத்தப்பட்டது. அவருக்கு வாய்த்த பெரிய மேடை கவுண்டிதான். பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு முன் டபுளுக்கு இன்னும் இருநூறு ரன்களுக்கு மேல் தேவைப்பட்டது. ஒரே ஆட்டத்தில் அவ்வளவு எடுப்பார் என்று நம்பியவர்கள் குறைவாகத்தான் இருந்திருப்பார்கள். டிரென்ட் பிரிட்ஜில் அவர் 111, 117 என்று இரண்டு சதம் அடித்து, பதினொரு விக்கெட்டும் எடுத்தார். எதிரணி எதுவென்றால், யார்க்ஷயர்! 82 ஆண்டுகளுக்கு முன் யார்க்ஷயர்க்காரர் எழுதிய அதே எண்களை யார்க்ஷயருக்கு எதிராகவே ஒருவர் எழுதியதைக் கதையில் வைத்தால் நம்பமாட்டார்கள். ஸ்கோர் அட்டையில் இருப்பதால் நம்ப வேண்டியிருக்கிறது.

இனி வருவார்களா என்றால், வழியே இல்லை. இன்றைய கவுண்டி சாம்பியன்ஷிப்பில் ஓர் அணிக்குப் பதினான்கே ஆட்டங்கள். 208 விக்கெட் எடுக்க ஆட்டத்துக்கு ஏறத்தாழப் பதினைந்து விக்கெட் வீதம் எடுத்தாக வேண்டும். ஓர் ஆட்டத்தில் எதிரணிக்கு இருப்பதோ இருபது விக்கெட்தான். இந்தச் சாதனையை முறியடிக்க யாராலாவது முடியுமா என்று ஹர்ஸ்ட்டையே கேட்டபோது, முடியுமோ என்னவோ, யார் முறியடித்தாலும் அவர் மிகவும் களைத்துப் போயிருப்பார் என்று சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது.

ஆனால் ஹர்ஸ்ட்டின் வகையைச் சேர்ந்த ஆட்டக்காரர் அற்றுப்போய்விடவில்லை. 1976இல் லெஸ்டரில் பிறந்து, 2005 முதல் 2022 வரை கென்ட்டுக்கு ஆடிய டேரன் ஸ்டீவன்ஸைப் பாருங்கள். இங்கிலாந்து அணி அவரை ஒருமுறைகூட அழைக்கவில்லை. 2019இல், 43 வயதில், ஹெடிங்லியில் யார்க்ஷயருக்கு எதிராக 237 அடித்துவிட்டு, அதே ஆட்டத்தில் 20 ரன் கொடுத்து ஐந்து விக்கெட்டும் எடுத்தார். 45 வயதானபோது கிளாமர்கனுக்கு எதிராக 15 சிக்சரோடு 190 அடித்தார்; அன்று ஒன்பதாவது விக்கெட்டுக்குச் சேர்ந்த 166 ரன்களில் எதிர்முனையில் நின்ற மிகெல் கம்மின்ஸின் பங்கு ஒரே ஒரு ரன். 2021இல் விஸ்டன் என்ற கிரிக்கெட் ஆண்டுமலர் அந்த ஆண்டின் ஐந்து ஆட்டக்காரர்களுள் ஒருவராக ஸ்டீவன்ஸைத் தேர்ந்தெடுத்தது. டெஸ்ட்டை மட்டும் எண்ணும் கும்பகோணத்து நண்பர் இவருக்கு என்ன மதிப்பெண் போடுவார்?

உடற்கல்வி ஆசிரியர், பேராவூரணி: எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், இடக்கையால் மித வேகமாக வீசுகிறான், வலக்கையால் ஆடுகிறான். ஹர்ஸ்ட்டின் வாழ்க்கையிலிருந்து அவனுக்கு நான் சொல்லித்தரக்கூடியது ஏதாவது உண்டா?

உண்டு. ஹர்ஸ்ட்டே பிற்காலத்தில் ஆசிரியர்தான். 1920இல் ஈட்டன் பள்ளியில் பயிற்சியாளராகச் சேர்ந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அங்கே இருந்தார்; விடுமுறை மாதங்களில் யார்க்ஷயரின் இளம் ஆட்டக்காரர்களைப் பழக்கினார். 1949இல் லார்ட்ஸ் மைதானத்தின் எம்சிசி கிளப் முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குக் கௌரவ உறுப்பினர் தகுதி கொடுத்தபோது முதல் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. 1954 மே 10ஆம் நாள் காலமானார்.

மாணவனுக்கு வருவோம். அவன் கையில் டென்னிஸ் பந்து மட்டும் இருந்தால் ஸ்விங் வராது. தையல் உள்ள தோல் பந்து ஒன்றை அவனுக்கென்று ஒதுக்குங்கள். இரண்டு விரல்களையும் தையலின் மீது நெருக்கி வைத்து, தையல் நிமிர்ந்து சுழலுமாறு, மணிக்கட்டை மடக்காமல் விடச் சொல்லுங்கள். பந்தின் ஒரு பக்கத்தை மட்டும் துடைத்துப் பளபளப்பாக வைக்கட்டும். வலக்கைக்காரருக்கு உள்ளே மடங்க வேண்டுமானால் பளபளப்பான பக்கம் ஆஃப் பக்கம் பார்த்திருக்க வேண்டும். காலையில் பத்து மணிக்குள், காற்றில் ஈரம் இருக்கும்போது பழக்கினால் பலன் சீக்கிரம் தெரியும். நீளம் முக்கியம், மட்டையாளர் முன்காலில் வந்தாக வேண்டிய இடத்தில் குத்தாத பந்து எவ்வளவு மடங்கினாலும் வீண். ஹர்ஸ்ட்டுக்குக் கிட்டாத எல்பிடபிள்யூ இவனுக்குக் கிட்டும் என்பதால் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே ஒரு சாண் தள்ளிக் குத்தப் பயப்பட வேண்டியதில்லை.

பந்துவீச்சு முடிந்ததும் அவனை நிழலில் உட்காரவிடாதீர்கள். ஹர்ஸ்ட் தம் காலத்தின் மிகச் சிறந்த மிட்-ஆஃப் ஃபீல்டர் என்று பெயரெடுத்தவர். இவனையும் அங்கேயே நிறுத்துங்கள். வலைப் பயிற்சியில் பந்துவீச்சாளர்களைக் கடைசியில், வெளிச்சம் மங்கும்போது இரண்டு ஓவர் ஆடவிடுவது நம் ஊர் வழக்கம்; வாரத்தில் ஒரு நாளாவது இவனை முதலில் ஆடவிடுங்கள். மாவட்டக் கிரிக்கெட் சங்கத்தின் வயதுவாரித் தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போது, படிவத்தில் 'பந்துவீச்சாளர்' என்ற கட்டத்தில் மட்டும் குறியிடாமல் 'ஆல்ரவுண்டர்' என்றே குறியிட்டு அனுப்புங்கள். பந்து வீச மட்டும் கூப்பிட்டால், மட்டையோடு போய் நிற்கச் சொல்லுங்கள்.